லாக் சங்கிலியில் ஒரு கண்ணியைக் காணோம்

கேள்வி: எஸ்கியூஎல் சர்வர் டேட்டாபேஸுக்கு ஞாயிறு இரவு ஃபுல் பேக்கப் (முழு நகல்), தினமும் இரவு 10 மணிக்கு டிஃபரென்ஷியல் (கடைசி ஃபுல்லுக்குப் பின் மாறியவை மட்டும்), 15 நிமிடத்துக்கு ஒரு லாக் பேக்கப் (முந்தைய லாக் பேக்கப்புக்குப் பின் நடந்த மாற்றங்களின் பதிவு). புதன் காலை டேட்டா டிஸ்க் போய்விட்டது. வேறு சர்வரில் ஃபுல்லைப் போட்டு லாக்குகளை வரிசையாக ஏற்றினேன். செவ்வாய் பகல் 2 மணி ஃபைல் வரை ஏறியது, 2.15 ஃபைலில் 4305 பிழை (நடுவில் ஏதோ விடுபட்டதால் இந்த லாக் ஏறாது என்ற செய்தி). அதை விட்டுவிட்டு 2.30-ஐப் போட்டாலும் அதே பிழை. என்ன செய்ய?

பதில்: அவசரப்பட்டு ‘வித் ரெக்கவரி’ (ரீஸ்டோரை முடித்து டேட்டாபேஸைத் திறந்துவிடும் கட்டளை) கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் அதன்பின் ஒரு லாக்கும் ஏறாது; ஃபுல்லிலிருந்துதான் மறுபடி தொடங்க வேண்டும். ‘ரீஸ்டோரிங்’ என்றே கிடக்கட்டும்.

2 மணி, 2.15 ஆகிய இரண்டு ஃபைலுக்கும் ‘ரீஸ்டோர் ஹெட்டர்ஒன்லி’ (ஃபைலின் விவரங்களை மட்டும் காட்டும் கட்டளை) ஓட்டிப் பாருங்கள். ஃபைல் பெயரில் உள்ள மணியை நம்ப வேண்டாம், எல்எஸ்என் எண்தான் (லாக்கில் ஒவ்வொரு பதிவுக்கும் உள்ள வரிசை எண்) சாட்சி. 2 மணி ஃபைலின் லாஸ்ட் எல்எஸ்என் 48000000012000001 என்றால், 2.15 ஃபைலின் ஃபர்ஸ்ட் எல்எஸ்என்னும் அதே எண்ணாக இருக்க வேண்டும். 48000000035600001 என்று இருந்தால், நடுவில் யாரோ ஒரு லாக் பேக்கப் எடுத்திருக்கிறார்கள். அதைத் தாண்டிக் குதிக்க வழியில்லை. டேட்டா ஃபைலின் ஒரு பக்கத்தில் (பேஜ்) முன்பு என்ன இருந்தது என்பதை வைத்தே அடுத்த மாற்றம் பதிவாகியிருக்கிறது. நடுவில் ஒன்று விடுபட்டால் பின்னால் வருவது எதுவும் பொருந்தாது.

காணாமல்போன ஃபைல் பெரும்பாலும் எங்காவது இருக்கும். பழைய சர்வரின் எம்எஸ்டிபி (பேக்கப் வரலாறு பதிவாகும் டேட்டாபேஸ்) பிழைத்திருந்தால், ‘பேக்கப்செட்’ அட்டவணையை ‘பேக்கப்மீடியாஃபேமிலி’யோடு இணைத்து, டைப் ‘எல்’ (லாக்) வரிசைகளை ஃபர்ஸ்ட் எல்எஸ்என் வாரியாக அடுக்குங்கள். எந்தப் பாதையில் எழுதப்பட்டது, எந்த லாகினில் எடுத்தார்கள் என்பது வரை தெரியும். பாதை இருக்க வேண்டிய இடத்தில் நெளிவடைப்புக்குள் நீண்ட குறியீடு இருந்தால், விஎம் (மெய்நிகர் கணினி) பேக்கப் மென்பொருள் போன்ற ஏதோ ஒன்று தனியாக லாக்கை எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த மென்பொருளில் தேடுங்கள். ‘நல்’ (NUL, எழுதியதை எறிந்துவிடும் போலிச் சாதனம்) என்று இருந்தால் தேடிப் பயனில்லை, அது குப்பைக்குப் போய்விட்டது.

ஃபைல் கிடைக்காவிட்டாலும் உங்களுக்கு வழி இருக்கிறது. செவ்வாய் இரவு 10 மணி டிஃபரென்ஷியல் அந்த இடைவெளியையே மூடிவிடும். ஞாயிறு ஃபுல்லை ‘நோரெக்கவரி’யுடன் (ரீஸ்டோரிங் நிலையிலேயே வைக்கும்) போடுங்கள், அதன்மேல் அந்த டிஃபரென்ஷியல், பிறகு 10 மணியைத் தொட்டுச் செல்லும் லாக்கிலிருந்து வரிசையாக எல்லாம். டிஃபரென்ஷியல் 3136 பிழை காட்டினால், ஞாயிறுக்குப் பிறகு யாரோ இன்னொரு ஃபுல் எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எரிச்சலாக இருக்கும், ஆனால் அந்த ஃபுல் கையில் கிடைத்தால் அதையே அடித்தளமாக வைத்துக்கொள்ளலாம்.

போனது டேட்டா டிஸ்க் மட்டும்தானே? லாக் ஃபைல் வேறு டிஸ்க்கில் பத்திரமாக இருந்தால், பழைய சர்வரில் ‘பேக்கப் லாக்’குடன் ‘நோ_ட்ரன்கேட்’ கொடுத்து வால் பகுதியை (இன்னும் பேக்கப் ஆகாத கடைசி லாக்) எடுங்கள். கடைசி 15 நிமிட வேலையும் சேர்ந்து வந்துவிடும். இதைச் செய்யும்வரை பழைய சர்வரில் டேட்டாபேஸை டிடாச் செய்யவோ அழிக்கவோ கூடாது. எல்லாம் ஏறிய பிறகே ‘ரெக்கவரி’. உடனே ‘டிபிசிசி செக்டிபி’ (டேட்டாபேஸில் பழுது உண்டா என்று பார்க்கும் கட்டளை) ஓட்டுங்கள்.

கேள்வி: டெஸ்ட் சர்வருக்காக அவ்வப்போது கையால் பேக்கப் எடுக்கிறோம். இதனால் சங்கிலி அறுமா?

பதில்: ஃபுல் எடுத்தால் லாக் சங்கிலி அறாது, ஆனால் அடுத்த டிஃபரென்ஷியலின் அடித்தளம் மாறிவிடும். லாக் எடுத்தால், அந்த ஃபைல் உங்கள் மேசையில் மட்டும் இருக்கும்; மேலே உள்ள வாசகரின் கதிதான். இரண்டிலும் ‘காப்பி_ஒன்லி’ (வழக்கமான பேக்கப் வரிசையைத் தொடாத தனி நகல்) சேர்த்தால் போதும். ரெக்கவரி மாடலை (லாக்கை எவ்வளவு வைத்திருப்பது என்ற அமைப்பு) ‘சிம்பிள்’ ஆக்கித் திரும்ப ‘ஃபுல்’ ஆக்கினால் சங்கிலி நிஜமாகவே அறும். அப்படிச் செய்திருந்தால் அன்றே ஒரு ஃபுல்லோ டிஃபரென்ஷியலோ எடுத்துவிடுங்கள்.