இலை நுனி கருகுவதற்குக் காரணம் உப்பாக இருக்கலாம்

வணக்கம் சகோதரி. கடலூர் தேவனாம்பட்டினம் வீட்டில் வைத்த இரண்டு வயது பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) கன்றுக்கு இலை நுனி கருகுகிறது, தினமும் போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அடி இலைகளில் நுனியும் ஓரமும் பழுப்பாகி, நடுவில் பச்சை மாறாமல் இருக்கிறதா? அப்படியானால் பெரும்பாலும் உப்புதான். இந்த மரம் உப்பைத் தாங்காது, கடலோர போர் தண்ணீரில் அது அதிகம்.

தினமும் கொஞ்சமாக ஊற்றுவதை நிறுத்துங்கள். மேல்மண் ஒரு விரல் ஆழம் காய்ந்த பிறகு, உப்பு கீழே இறங்கும்படி நிறைய ஊற்றுங்கள். மாடியில் பிடித்த மழைத்தண்ணீர் இருந்தால் அதையே கொடுங்கள். சாம்பல் சத்துக்கு மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் வேண்டாம், உப்பில் உள்ள அதே குளோரைடு அதிலும் உண்டு. அடிமரத்தைத் தொடாமல் சருகு மூடாக்கு போடுங்கள்.

இதைவிட எனக்குப் பயம் ஐப்பசி, கார்த்திகை மழைதான். என் முதல் கன்று அந்த மழையில் தண்ணீர் தேங்கித்தான் போனது. பிடுங்கிப் பார்த்தால் சல்லிவேர் எல்லாம் கறுத்து, விரல் பட்டதும் உதிர்ந்தது. அடுத்ததை இரண்டடி மேடு கட்டி வைத்தேன், பிழைத்தது. உங்கள் கன்றைச் சுற்றியுள்ள பாத்தியை மழைக்கு முன் உடைத்து, தண்ணீர் வடிய வழி விடுங்கள். கருகிய இலையை இப்போது கிள்ள வேண்டாம். புதுத் துளிர் வந்ததும் ஒரு படம் போடுங்கள், பார்க்கிறேன்.