அம்மாவின் ஜங்கும் எந்த ஊரில் நடந்தாள்?

கேள்வி: அக்டோபர் கடைசியில் அம்மாவுடன் ஆறு நாள் சியோல் போகிறேன். அம்மா கொரிய ராஜா ராணி தொடர்களின் ரசிகை, 'டே ஜங் கும்' மட்டும் மூன்று முறை பார்த்தவர். அது எடுத்த அரண்மனை செட்டைக் காட்ட ஆசை. யோங்கினில் அந்தப் பெயரிலேயே ஒரு பூங்கா இருக்கிறதாமே, போகலாமா? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு.

பதில்: பெயரை நம்பி டாக்சி ஏறிவிடாதீர்கள். 'டே ஜங் கும்' 2004 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. யோங்கின் செட்டின் கதை 2005இல் வேறொரு தொடரோடுதான் தொடங்குகிறது. பெயர் பிற்பாடு சூட்டியது. 'டோங் யி' தொடரின் ரசிகர் என்றால் சரி, அது அங்கே எடுத்ததுதான். தொடரின் நாயகி ஜங்கும் நடமாடிய செட் யாங்ஜு என்ற ஊரில் இருந்தது, அதை எப்போதோ மூடிவிட்டார்கள்.

ஜங்கும்தான் வேண்டும் என்றால் சுவொன் நகருக்குப் போங்கள். மெட்ரோ 1ஆம் தடத்திலேயே போய் இறங்கலாம். அங்குள்ள ஹ்வாசோங் ஹேங்குங் செட் இல்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜோங்ஜோ மன்னர் தந்தையின் சமாதிக்குப் போகும்போது தங்கிய அரண்மனை. ஜப்பானியர் ஆட்சியில் பெரும்பகுதி இடிந்து, மீட்டுக் கட்டி 2003இல் திறந்தார்கள். புதுக் கருக்கு மாறாத அந்த முற்றங்களில் தொடரின் காட்சிகளை எடுத்தார்கள். சமதளம் என்பதால் அம்மாவுக்கும் சிரமமில்லை.

செட் என்றே பார்க்க வேண்டுமானால் என் ஓட்டு முன்கியோங் ஊரின் மலைக்கணவாயான முன்கியோங் சேஜேவில் உள்ள செட்டுக்கு. 2000இல் கேபிஎஸ் தொலைக்காட்சி நிறுவனம் கோரியோ வம்சத்தை நிறுவிய வாங் கானின் கதைக்காகக் கட்டியது. 2008இல் அதை, பிற்பாடு வந்த ஜோசன் வம்சத்தின் தலைநகராக மாற்றிக் கட்டினார்கள். கியோங்போக்குங் அரண்மனை, வாசலில் குவாங்வாமுன், அப்புறம் ஓலைக் கூரைத் தெருக்கள். இவ்வளவு தூரம் வந்து ஏன் கட்ட வேண்டும்? சியோலின் நிஜ அரண்மனையில் கேமராவைக் கொஞ்சம் உயர்த்தினால் அலுவலகக் கட்டடம் தெரியும். இங்கே பின்னால் வெறும் மலை.

அந்த மலைப்பாதையும் அசல். தெற்கிலிருந்து அரசுத் தேர்வு எழுத ஹான்யாங் (சியோலின் பழைய பெயர்) போன மாணவர்கள் மூட்டையோடு நடந்த வழி இது. செட்டுக்கு முன்னால் வரும் ஜுஹுல்குவான் கோட்டைவாசல் 1708இல் கட்டியது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, செட்டுக்குள் போய் 'கல்' சுவரைத் தட்டிப் பாருங்கள். நான் தட்டியபோது காலி டப்பா போலச் சத்தம் வந்தது!

அம்மாவிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கதவைத் திறந்தால் ராணியின் அறை இருக்காது. உள்ளறைக் காட்சிகளைப் பெரும்பாலும் ஸ்டுடியோவில்தான் எடுப்பார்கள், இங்கே முகப்புதான் முக்கியம். படப்பிடிப்பு பார்க்கலாம் என்றும் ஆசை காட்டாதீர்கள். நடக்கிற நாளில் அந்தப் பகுதியை அடைத்துவிடுவார்கள், போனை எடுத்தாலே யாராவது ஓடி வருவார்.

2024 நவம்பர் கடைசியிலிருந்து முன்கியோங்குக்கு ரயில் உண்டு. சியோலுக்குத் தெற்கே பான்க்யோவில் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரம். நாளுக்குச் சில ரயில்கள்தான், அதனால் திரும்பும் டிக்கெட்டை முதலில் எடுங்கள். நிலையத்திலிருந்து டாக்சி. வண்டி நிறுத்தத்திலிருந்து செட் வரை பேட்டரி வண்டி ஓடுகிறது, அம்மாவை அதில் ஏற்றிவிடுங்கள். வழி பார்க்க நேவர் மேப் என்ற கொரியச் செயலியை வைத்துக்கொள்ளுங்கள், நமக்குப் பழகிய கூகுள் மேப் அங்கே அரைகுறை. சனி, ஞாயிறு வேண்டாம். அக்டோபர் கடைசி இலை சிவக்கும் பருவம், கூட்டம் நெரியும்.

திரும்பும் வழியில் ஓமிஜா ஜூஸ் வாங்கிக் கொடுங்கள். ஓமிஜா என்றால் ஐஞ்சுவைப் பழம், அந்த ஊர் அதற்குப் பேர்போனது. நம் அறுசுவையில் துவர்ப்பை மட்டும் அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. அது இருக்கிறதா என்று அம்மாவையே கேளுங்கள்.