கூப்பிட்டால் எது வரும்? சம்மன் ஸ்பெல் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பகுதி டைஸ் உருட்டிக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் சம்மன் ஸ்பெல்களை, அதாவது துணைக்கு உயிரினங்களை வரவழைக்கும் மந்திரங்களைப் பற்றியது. எந்த வருடப் புத்தகம் வைத்து விளையாடுகிறீர்கள் என்று எழுதுங்கள் என எத்தனை முறைதான் சொல்வது? எழுதாதவர்களுக்கு 2014 விதிப்படி பதில் சொல்லியிருக்கிறேன்.

கே: எங்கள் கதை முதுமலைக் காட்டில் நடக்கிறது. கான்ஜூர் அனிமல்ஸ் போட்டு யானையை வரவழைக்கலாமா? (கூடலூர்)

ப: முடியாது. யானை சிஆர் (பலத்தைக் காட்டும் எண்) 4. அந்த ஸ்பெல்லுக்கு உச்சவரம்பு 2. பெரிய ஸ்லாட் (மந்திரம் போடச் செலவாகும் சக்தி, நிலை நிலையாக இருக்கும்) செலவழித்தால் தலை எண்ணிக்கைதான் கூடும், சிஆர் கூடாது. காண்டாமிருகம் சிஆர் 2, அது வரும். அதே கணக்கை (பலம், தாக்குதல் எண்களை) வைத்துக்கொண்டு காட்டெருமை என்று பெயர் மாற்றிக்கொள்ளுங்கள். குன்னூர் பக்கத்து ஆட்களுக்கு அது முட்ட வந்தால் எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. யானையேதான் வேண்டுமென்றால் டிரூயிட் (இயற்கை மந்திரவாதி) 11ஆம் லெவல் வரை பொறுத்திருந்து கான்ஜூர் ஃபே போடுங்கள். அதில் சிஆர் 6 வரை மிருக உருவம் கிடைக்கும். ஆனால் கான்சன்ட்ரேஷன் (மந்திரத்தைத் தாங்கும் கவனம், அடிபட்டால் கலையலாம்) உடைந்தால் யானை மறைந்து போகாது, உங்கள் பக்கமே திரும்பும். அழைத்த நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் முடிகிறவரை அதை விரட்டவும் முடியாது. ஓடுவதற்கு வழி பார்த்து வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.

கே: முக்குர்த்தியில் ஒரு சண்டை வருகிறது. வரையாடு? (ஊட்டி)

ப: ஜயன்ட் கோட் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள், சிஆர் 1/2, நான்கு வரும். கீழே தள்ளிவிடும் எஃபெக்ட்டுகளுக்கு எதிராக அட்வான்டேஜ் (இரண்டு டைஸ் உருட்டி நல்லதை எடுத்துக்கொள்வது) உண்டு, பாறை விளிம்பில் நடக்கும் சண்டைக்கு அருமை.

கே: எட்டு ஓநாய் கேட்டேன். டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) எட்டு தவளை கொடுத்தார். இது அநியாயம் இல்லையா? (கோத்தகிரி)

ப: அநியாயம்தான், ஆனால் விதிப்படி சரி. கான்ஜூர் அனிமல்ஸில் நீங்கள் தேர்ந்தெடுப்பது வரிசையை மட்டும்: சிஆர் 2 வரை ஒன்று, 1 வரை இரண்டு, 1/2 வரை நான்கு, 1/4 வரை எட்டு. அந்த வரிசைக்குள் எந்த மிருகம் வரும் என்பது டிஎம் கையில். 'வரை' என்று இருக்கிறதே, அதற்குள் சிஆர் 0 தவளையும் அடக்கம். இதை நான் எழுதாத மாதம் இல்லை. எழுதியும் மாதாமாதம் யாராவது ஓநாய்க்கு ஆர்டர் கொடுத்துவிட்டுக் கோபித்துக்கொள்கிறார்கள்.

இருந்தாலும் தவளை கொடுத்த டிஎம்மை நான் பாராட்டமாட்டேன். மூன்றாம் நிலை ஸ்லாட்டைச் செலவழித்தவரைக் கேலி செய்வதற்குப் பெயர் நடுநிலை இல்லை. அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பது மட்டும் எனக்குப் புரிகிறது. எட்டு ஓநாய்க்கு எட்டுத் தாக்குதல். பக்கத்தில் துணை நின்றால் பேக் டாக்டிக்ஸ் என்ற திறனால் அட்வான்டேஜ், ஆக ஒரு சுற்றுக்குப் பதினாறு டைஸ். அப்புறம் டேமேஜ். அதற்கும் பிறகு, கடிபட்டவன் விழுந்தானா என்று பார்க்க ஒவ்வொரு கடிக்கும் ஒரு சேவ் (தப்பிக்க உருட்டும் டைஸ்). மற்ற மூன்று பேரும் டீயை ஆறவிட்டுக் காத்திருக்கிறார்கள், கோத்தகிரிக்குக் கடைசி பஸ் போய்விடுகிறது, சண்டை இரண்டாவது சுற்றில் நிற்கிறது.

எட்டைக் கேட்கிறவர் அந்த வேலையையும் வீட்டிலேயே செய்துகொண்டு வர வேண்டும். கேம்பெய்ன் (தொடர்கதை ஆட்டம்) தொடங்கும் முன்பே டிஎம்மிடம் பேசி ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு மிருகம் முடிவு செய்து, அதன் கணக்கை அட்டையில் எழுதி வையுங்கள். எட்டுக்கும் சேர்த்து ஒரே இனிஷியேட்டிவ்தான், அதாவது எட்டும் சேர்ந்தே ஆடும். ஓநாய்க் கடிக்கு டேமேஜ் உருட்ட வேண்டாம், சராசரி 7 என்று போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு புலி கேளுங்கள். சிஆர் 1, டேபிளும் பிழைக்கும்.

கே: எட்டு பிக்ஸியை (குட்டித் தேவதைகளை) அழைத்து எல்லோரையும் பாலிமார்ஃப் (உருமாற்றம்)... (ஊட்டி)

ப: வேண்டாம். அடுத்த கேள்வி.

கே: கேம்ப் ஃபயரிலிருந்து ஃபயர் எலிமென்டல் (நெருப்பே உடலான உயிர்) எழுப்ப முயன்றேன். டிஎம் மறுத்துவிட்டார். (குன்னூர்)

ப: சரியாகத்தான் மறுத்தார். கான்ஜூர் எலிமென்டலுக்குப் பத்தடிக் கனசதுரத்தை நிரப்பும் நெருப்பு வேண்டும், குளிர் காயும் நெருப்பு போதாது. பைக்காரா ஏரிக்கரையில் நின்று தண்ணீர் எலிமென்டலைக் கூப்பிட்டால் அந்தப் பிரச்சினை இல்லை. அழைக்க ஒரு நிமிடம் ஆகும் என்பதால் சண்டை நடுவில் ஆரம்பிக்காதீர்கள். இங்கேயும் அதேதான்: கான்சன்ட்ரேஷன் போனால் எலிமென்டல் எதிரி.

கே: என் விசார்டுக்கு (மந்திரவாதிக்கு) மலையணில் ஃபெமிலியர் (கூடவே இருந்து உதவும் மிருகம்) வேண்டும். அது கடிக்குமா? (கொடைக்கானல்)

ப: ஃபைண்ட் ஃபெமிலியர் பட்டியலில் அணில் இல்லை. வீசல் என்ற சிறு விலங்கின் கணக்கை வைத்துக்கொண்டு அணில் என்று சொல்லுங்கள், எந்த டிஎம்மும் தடுக்கமாட்டார். கடிக்காது. ஃபெமிலியரால் தாக்க முடியாது என்று ஸ்பெல்லிலேயே இருக்கிறது, படித்திருந்தால் தெரிந்திருக்கும். ஹெல்ப் செய்யும், அதன் கண்ணால் நீங்கள் பார்க்கலாம். அந்த இரண்டுக்கும் ஆந்தைதான் ராஜா: அடி வாங்காமல் பறந்து வந்து பறந்து போகும்.

கே: மூன்றாம் லெவல் டிரூயிட். எதை எடுத்தால் தலைவலி இல்லை? (கொடைக்கானல்)

ப: 2020இல் டாஷா என்ற கூடுதல் விதிப்புத்தகத்தில் வந்த சம்மன் பீஸ்ட். ஒரே ஆவி, அதன் கணக்கு ஸ்பெல்லோடு அச்சாகியிருக்கிறது, நிலம், நீர், வானம் என்று மூன்று உருவம். நிலமும் நீரும் 30 ஹெச்பி (உயிர் எண்), வானம் 20, பெரிய ஸ்லாட் போட்டால் ஏறும். என்ன வரும் என்று டிஎம்மிடம் கெஞ்ச வேண்டாம். 200 பொன் பெறும் முலாம் பூசிய ஏகோர்ன் (ஓக் மரக் கொட்டை) ஒன்று தேவை, ஆனால் அது தீர்ந்து போகாது, ஒருமுறை வாங்கினால் போதும். இதற்கும் கான்சன்ட்ரேஷன் உண்டு.

கே: கான்ஜூர் அனிமல்ஸ் போட்டேன், ஓநாய்க்கு ஹெச்பி எத்தனை என்று புத்தகத்தில் எங்கேயும் இல்லையே? (ஊர் எழுதவில்லை)

ப: வருடமும் எழுதவில்லை. கையில் இருப்பது 2024 புத்தகம் என்று நினைக்கிறேன். அதில் இந்த ஸ்பெல் தனித்தனி மிருகங்களைத் தருவதில்லை. ஒரு ஆவிக்கூட்டம் உங்களோடு நகரும், பக்கத்தில் வந்தவர் டெக்ஸ் (சுறுசுறுப்பு) சேவில் தோற்றால் 3டி10, அதாவது மூன்று பத்துமுக டைஸ் டேமேஜ். கூட்டத்துக்கு ஹெச்பி கிடையாது, அதை யாரும் அடிக்க முடியாது. அடி உங்கள் மேல்தான் விழும், கான்சன்ட்ரேஷன் சேவும் உங்களுக்குத்தான்.