மகள் வக்கீலாக வேண்டும் என்கிறாள்: ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மா,

பொறியியல் சேர மதிப்பெண் இருந்தும் மகள் ஐந்தாண்டுச் சட்டப் படிப்புதான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். "எங்கள் வீட்டில் கோர்ட் படி ஏறியவர்கள் யாருமில்லை, இவள் எப்படிப் பிழைப்பாள்?" என்ற உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு அமெரிக்க வழக்கறிஞரும் ஆளுநருமான ஜான் பீட்டர் ஆல்ட்கெல்டின் நினைவுதான் வந்தது.

1847இல் ஜெர்மனியில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் அமெரிக்காவின் ஒஹாயோவில் குடியேறியது. விவசாயியான தந்தைக்கு மகன் படிப்பதில் விருப்பமில்லை. 16 வயதில் உள்நாட்டுப் போருக்குப் போனார். அங்கே பிடித்த காய்ச்சல் அவரைப் பின்னாளிலும் விடவில்லை. பிறகு பள்ளி ஆசிரியரானார், ரயில் பாதையில் கூலி வேலையும் செய்தார். மிசௌரியில் பாடம் நடத்திக்கொண்டே சட்டம் பயின்று 1871இல் வக்கீலானார். 1874இல் அரசு வழக்கறிஞராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மறு ஆண்டே அதை விட்டுவிட்டு சிகாகோவுக்குப் போய், முதலிலிருந்து தொடங்கினார்.

ஒன்றை மறைக்க மாட்டேன். அவர் பெரும்பணம் பார்த்தது சிகாகோ நில வியாபாரத்தில். வக்கீல் தொழிலில் அல்ல. அந்தப் பணமும் பிற்காலத்தில் போய்விட்டது. சீனியரிடம் ஜூனியராக இருக்கும் முதல் சில ஆண்டுகளில் உங்கள் மகளுக்கும் வருமானம் குறைவாகவே இருக்கும். படிப்புச் செலவோடு அந்த ஆண்டுகளின் செலவையும் இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கடன் வாங்குவதாக இருந்தால் இன்னும் கவனமாக யோசியுங்கள்.

ஆனால் சட்டப் படிப்பு ஒருவர் கையில் எதைக் கொடுக்கிறது என்பதை 1893இல் பார்க்கலாம். அப்போது அவர் சிகாகோ அமைந்த இல்லினாய்ஸ் மாநிலத்தின் ஆளுநர். 1886இல் சிகாகோவின் ஹேமார்க்கெட் சதுக்கத்தில் தொழிலாளர் கூட்டத்தின்போது குண்டு வெடித்துக் காவலர்கள் இறந்தார்கள். எட்டுப் பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. நால்வர் தூக்கிலிடப்பட்டார்கள், ஒருவர் சிறையில் தற்கொலை செய்துகொண்டார். மிச்சமிருந்த மூவரை விடுவிக்கும்படி பலர் கேட்டார்கள். இரக்கம் காட்டி விட்டுவிட்டேன் என்று ஒரு வரியில் முடித்திருந்தால் எதிர்ப்பு அடங்கியிருக்கும். ஆல்ட்கெல்ட் வழக்குக் கட்டை முழுவதும் படித்தார். குற்றவாளியா இல்லையா எனத் தீர்மானிக்கும் பொதுமக்கள் குழுவான ஜூரி ஒருதலைப்பட்சமாகப் பொறுக்கப்பட்டது, நீதிபதி நடுநிலை தவறினார், குண்டு வீசியவர் யார் என்பதே நிரூபிக்கப்படவில்லை என்று விரிவாக எழுதி, 1893 ஜூன் மாதம் மூவரையும் மன்னித்து விடுவித்தார். பத்திரிகைகள் அவரைக் கிழித்தெடுத்தன. 1896 தேர்தலில் தோற்றார். பணமும் பதவியும் இல்லாத கடைசிக் காலத்தில் அவரைத் தம் வக்கீல் அலுவலகத்தில் சேர்த்துக்கொண்டவர், பெயர்பெற்ற வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ. 1902இல் இறக்கும்வரை அந்தத் தொழில் அவருக்குச் சோறு போட்டது.

குடும்பத்தில் வக்கீல் இல்லை என்பதை நான் பெரிய தடையாக நினைக்கவில்லை. நீளமான, அலுப்பூட்டும் தாள்களைக் கடைசிப் பக்கம்வரை படிக்கும் பொறுமை உங்கள் மகளுக்கு இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். பேச்சுப் போட்டிப் பரிசுகளை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். ஒரு வேலை நாளில் அவளை மாவட்ட நீதிமன்றத்துக்கு அழைத்துப் போய், பார்வையாளர் இருக்கையில் மதியம்வரை உட்காருங்கள். வாய்தாக்களும் காத்திருப்பும் நிறைந்த அந்த அரை நாளைப் பார்த்த பிறகும் அவள் சட்டம்தான் என்றால், விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு இருவருமாக என்னைப் பார்க்க வாருங்கள்.