நேர்க்கூற்று, அயற்கூற்று: அட்டவணைக்கு முன்னால் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் ‘நான் – தான், நாளை – மறுநாள், இங்கே – அங்கே’ என்று அட்டவணையைத் தடையின்றி ஒப்பிக்கிறார்கள் என்றும், ஆனால் ஒருவர் சொன்னதை அவர் சொற்களிலேயே தரும் நேர்க்கூற்று வாக்கியம் ஒன்றைக் கொடுத்து, அதை நம் சொற்களில் எடுத்துச் சொல்லும் அயற்கூற்றாக மாற்றச் சொன்னால் தடுமாறுகிறார்கள் என்றும் எழுதி, இதை எப்படிக் கற்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். குமரி மாவட்டத்தில், குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊரின் தொடக்கப் பள்ளியில் பல ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்துவரும் நான், முதல் சில ஆண்டுகளில் இதே அட்டவணையைத்தான் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். இதே தடுமாற்றத்தைத்தான் நானும் கண்டேன். அட்டவணை தவறானதன்று. ஆனால் யார் சொல்கிறார், எப்போது சொல்கிறார், எங்கே நின்று சொல்கிறார் என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தெரியாத குழந்தைக்கு அதனால் பயனில்லை.

முதலில், குழந்தைகள் வீட்டில் எப்படிப் பேசுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். எங்கள் ஊரில் ஒரு குழந்தை, “அப்பா நாளைக்கு வருவேன்னு சொன்னாவ” என்று சொல்லும். இதில் ‘வருவேன்’ என்பது அப்பாவின் வாயிலிருந்து வந்த தன்மை வினை. ஆகவே இது பாதி நேர்க்கூற்று. ஆனால் ‘நான்’ என்பது விழுந்துவிட்டது, குரலிலும் எந்த இடைவெளியும் இல்லை. ஆகவே பாதி அயற்கூற்று. பேச்சுத் தமிழில் ‘ன்னு’ என்னும் ஒற்றை ஒட்டு இரண்டு வேலைகளையும் செய்துவிடுவதால், இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டிய தேவையே குழந்தைக்கு ஏற்படுவதில்லை. இதைக் குறையாக எண்ண வேண்டியதில்லை. ஓலைச்சுவடிக் காலத்தில் மேற்கோள் குறி எதுவும் இல்லாமல் ‘என’, ‘என்று’ என்பவையே இந்த வேலையைச் செய்துவந்தன.

ஆகவே நான் தேவையை உண்டாக்குவதிலிருந்து தொடங்குகிறேன். “அண்ணன் நான் ஜெயிப்பேன்னு சொன்னான்” என்று கரும்பலகையில் எழுதி, யார் ஜெயிப்பார் என்று கேட்பேன். வகுப்பு உடனே இரண்டாகப் பிரிந்துவிடும்: அண்ணன்தான் என்று ஒரு பாதி, சொல்கிற பிள்ளைதான் என்று மறுபாதி. இரண்டும் சரியே. சண்டை சற்று நேரம் நடக்கட்டும் என்று விட்டுவிட்டு, பிறகு மேற்கோள் குறிகளைப் போட்டு, அண்ணன், “நான் ஜெயிப்பேன்” என்று சொன்னான் என எழுதினால், ஒரு பாதி எழுந்து கைதட்டும். குறிகளை அழித்துவிட்டு, அண்ணன், தான் ஜெயிக்கப்போவதாகச் சொன்னான் என்று எழுதினாலும் அதே பொருள்தான் வருகிறது என்று காட்டுவேன். இந்தப் பத்து நிமிடத்திற்குப் பிறகுதான் நேர்க்கூற்று, அயற்கூற்று என்ற பெயர்களையே சொல்கிறேன்.

‘தான்’ என்ற சொல்லில் சிறிது நின்று செல்லுங்கள், ஏனென்றால் பெரும்பாலான பிழைகள் இங்கேதான் விழுகின்றன. குழந்தைகள் பேச்சில் இதைத் தற்சுட்டாக, அதாவது சொன்னவர் தன்னையே குறிக்கும் சொல்லாக, பயன்படுத்துவது அரிது. அவர்களுக்குத் தெரிந்த ‘தான்’ அழுத்தம் தருகிற ‘தான்’ மட்டுமே. ‘அண்ணன்தான் வருவதாகச் சொன்னான்’ என்று சேர்த்து எழுதினால், சொன்னவன் வேறு யாருமில்லை, அண்ணனே என்று பொருள். ‘அண்ணன், தான் வருவதாகச் சொன்னான்’ என்று பிரித்து எழுதினால், வரப்போகிறவன் அண்ணன் என்று பொருள். எனவே அந்த இடத்தில் ஒரு காற்புள்ளி வைத்து எழுதும்படி நான் பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறேன். எங்கள் மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு: வீட்டில் மலையாளம் புழங்கும் குழந்தைக்கு ‘தான்’ என்பது ‘நீ’ என்றே காதில் விழும். விளவங்கோடு பக்கத்திலிருந்து மாறிவந்த ஒரு மாணவன் ‘தான் வருவதாக’ என்பதை ‘நீ வருவதாக’ என்று விடாமல் பொருள் சொன்னபோது, அவன் கவனக்குறைவாக இருக்கிறான் என்று நினைத்து அவனைக் கடிந்துகொண்டேன். காரணம் புரிந்தபோது எனக்கே வெட்கமாகிவிட்டது.

காலச் சொற்களைக் கற்பிக்க எனக்கு ஒரு மழை உதவியது. வடகிழக்குப் பருவமழை நாளொன்றில், ‘நாளை பள்ளிகளுக்கு விடுமுறை’ என்ற மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பு வாட்ஸ்அப்பில் வந்தது. மறுநாள் விடுமுறையும் விடப்பட்டது. அந்த விடுமுறை நாளின் இரவில் அதே செய்தி, தேதியில்லாமல், ஊரின் வேறொரு குழுவில் மீண்டும் சுற்றியது. அடுத்த நாள் பள்ளி திறந்தபோது என் வகுப்பின் 22 பேரில் 9 பேர் மட்டுமே வந்தார்கள். மற்றவர்களும் வந்து சேர்ந்த பிறகு அந்தச் செய்தியையே கரும்பலகையில் எழுதி, இதில் ‘நாளை’ என்பது எந்த நாள் என்று கேட்டேன். “சொன்ன நாளுக்கு அடுத்த நாள்” என்று ஒரு சிறுமி சொன்னாள். அட்டவணையின் அந்த வரி முழுவதும் அவள் விடைக்குள் அடங்கிவிட்டது. ‘மறுநாள் பள்ளிகளுக்கு விடுமுறை என்று திங்கட்கிழமை மாலை ஆட்சியர் அறிவித்தார்’ என்று மாற்றி எழுதியபோது, இப்படி வந்திருந்தால் யாரும் ஏமாந்திருக்க மாட்டார்கள் என்பதையும் அவர்களே கண்டுகொண்டார்கள். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்காக டிசம்பர் 3ஆம் நாள் விடும் உள்ளூர் விடுமுறையில் இந்தக் குழப்பம் வருவதில்லை. தேதியை எந்த நாளில் சொன்னாலும் அது நகராது.

இடச் சொற்களுக்கு எங்கள் பிள்ளைகளிடமே பாடம் இருக்கிறது. பலருடைய தந்தையர் கொச்சியிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்கள். துறைமுகத்திற்குத் திரும்பியதும் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுவார்கள். அப்படி அப்பா பேசியதை முதலில் அவர் சொன்னபடியே எழுதி, பிறகு அதை வகுப்புக்குச் சொல்வதுபோல் மாற்றி எழுதும்படி கேட்பேன். ஒரு மாணவி எழுதிய நேர்க்கூற்று இது: “இங்கே மழை பெய்கிறது. நாங்கள் நாளை மறுபடியும் கடலுக்குப் போகிறோம். நீ பாட்டியைத் தொந்தரவு செய்யாதே.” அதை மாற்றும்போது அவள் ‘இங்கே மழை பெய்வதாக அப்பா கூறினார்’ என்று வாசிக்க, பக்கத்து வரிசைப் பையன் சன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு, “இங்க வெயிலுல்லா அடிக்குது” என்றான். அவள் சிரித்துக்கொண்டே அழித்துவிட்டு எழுதினாள்: ‘அங்கே மழை பெய்வதாகவும், தாங்கள் மறுநாள் மறுபடியும் கடலுக்குப் போவதாகவும் அப்பா கூறினார், பாட்டியைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றும் என்னிடம் சொன்னார்.’ மூன்றாம் வாக்கியத்தில் ‘நீ’ மறைந்து ‘என்னிடம்’ வந்ததை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். அப்பா பேசிய அன்றே அந்தப் பிள்ளை பாட்டியிடம் சொன்னால், ‘நாளை’ என்பது ‘நாளை’யாகவே இருக்கும், மாற்றினால்தான் தவறு. அட்டவணை இதைச் சொல்வதில்லை. தேர்வுத்தாளில் மட்டும், சொல்கிறவர் எப்போதும் வேறொரு நாளில், வேறோர் இடத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் மாணவர்களிடம் வெளிப்படையாகவே கூறிவிடுகிறேன்.

ஏவல் வாக்கியங்களில் அவ்வளவு தொல்லை இல்லை. பக்கத்து வகுப்பிலிருந்து சாக்பீஸ் வாங்கிவரச் சொன்னால், “டீச்சர் சாக்பீஸ் வாங்கிட்டு வரச் சொன்னாவ” என்று எந்தக் குழந்தையும் தானாகவே அயற்கூற்றில் பேசிவிடும். ‘வரச் சொன்னார்’ என்பதுடன் ‘வருமாறு’, ‘வரும்படி’ என்ற இரண்டு எழுத்துநடை வடிவங்களைச் சேர்த்துக் கொடுத்தால் போதும். வினா வாக்கியத்தில் ‘என்று கேட்டார்’ என்பது அப்படியே நிற்க, முன்னிலை மட்டும் மாறும்: “நீ சாப்பிட்டாயா?” என்று அம்மா என்னைக் கேட்டது, ‘நான் சாப்பிட்டேனா என்று அம்மா கேட்டார்’ என்றாகும்.

வினைமுற்றின் காலத்தைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டாம். ‘வந்தேன்’ என்பது ‘வந்ததாக’ என்றும், ‘வருகிறேன்’, ‘வருவேன்’ ஆகிய இரண்டும் ‘வருவதாக’ என்றும் ஆகின்றன. ஆங்கிலத்தில் போலக் காலத்தை ஒரு படி பின்னுக்குத் தள்ளும் வழக்கம் தமிழில் இல்லை. ஆங்கிலத்தில் இதே பாடத்தைப் படித்துவிட்டு வரும் பிள்ளைகள், ‘வருவேன்’ என்பதைக்கூட ‘வந்ததாக’ என்று எழுதிவிடுவது உண்டு. அத்தகைய விடையைக் கண்டால் சிவப்பு மையால் அடிப்பதற்கு முன், “அவர் வந்துவிட்டாரா, இனிமேல்தான் வரப்போகிறாரா?” என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அவர்களே நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.