கோஸ்டா ரிக்காவின் அரெனால் எரிமலை: கார் இல்லாமல் எந்தப் பக்கம் தங்குவது?

அரெனால் பக்கம் வெந்நீர் ஊற்றோடு காட்டு விடுதி எங்கே பார்ப்பது என்று கேட்டு, ஒரு விடுதி விளம்பரத்தையும் அனுப்பியிருந்தீர்கள். கார் இல்லை, 2 இரவுதான் என்றால் எரிமலைக்கு மறுபக்கம் இருக்கும் எல் காஸ்டியோ வேண்டாம். பக்கத்து நகரமான லா ஃபோர்ட்டுனாவிலிருந்து, வெந்நீர் ஊற்றுள்ள தபகோன் போகும் சாலையோரமாகவே காட்டு விடுதி பாருங்கள். வெந்நீர் ஊற்றுகள் பெரும்பாலும் அந்தச் சாலையில்தான். எல் காஸ்டியோ அமைதியான ஊர், காடும் ஏரியும் அழகு; ஆனால் அங்கிருந்து ஊற்றுகளுக்கு எரிமலையைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும், இருட்டிய பிறகு டாக்சி கிடைப்பது கஷ்டம்.

நீங்கள் அனுப்பிய விளம்பரத்தில் 'வெந்நீர் ஊற்று அருகில்' என்றுதானே இருக்கிறது? அங்கேதான் குழப்பம். 'அருகில்' என்றால் அநேகமாக விடுதிக்குள் இல்லை, வேறு இடத்துக்குத் தனி டிக்கெட் எடுத்துப் போகவேண்டும். சில இடங்களில் சாதாரண நீச்சல் குளத்தைச் சூடாக்கி வைத்திருப்பார்கள்.

முன்பதிவுக்கு முன் இப்படி எழுதிக் கேளுங்கள்: "குளத்துத் தண்ணீர் ஊற்றிலிருந்து வருகிறதா, ஹீட்டரா? கட்டணம் வாடகையில் அடக்கமா?" மழுப்பினால் விட்டுவிடுங்கள். விருந்தினர்கள் எடுத்த படங்களையும் பாருங்கள். ஜன்னலுக்கு வெளியே எரிமலையா, பக்கத்து அறையின் தகரக் கூரையா என்று தெரிந்துவிடும்.

ஒன்று மட்டும். இரவில் சிவப்பாக லாவா வழியும் படத்தை நம்பி அதிகப் பணம் கொடுக்காதீர்கள். 1968-இல் வெடித்த அரெனால் 2010-இலிருந்து அடங்கியே இருக்கிறது. உச்சியும் பாதி நாள் மேகத்துக்குள்தான்; விடிகாலையில் எழுந்தால் வாய்ப்பு கொஞ்சம் அதிகம்.