கவட்டில் ஊசியா, முதுகில் ஊசியா?

தம்பி, கனடா வந்து எட்டு மாதத்தில் ஹெர்னியா, அதாவது குடலிறக்க ஒப்பரேசன். வெட்டுமிடத்தை மட்டும் விறைக்க வைப்பதா, முதுகில் ஊசி போடுவதா, செலவு எவ்வளவு, லீவு எத்தனை நாள் என்று கேட்டிருக்கிறீர்கள். அரசாங்க ஹெல்த் கார்ட் இருந்தால் ஒப்பரேசனுக்குக் காசு கேட்க மாட்டார்கள். லீவை டொக்டரிடம் கேளுங்கள். ஊசிக் கதைக்கு வருகிறேன்.

நான் வந்த முதல் பனிக்காலம், 1994. ஸ்காபரோவில் இரவு வேலை. பெட்டி தூக்கித் தூக்கி வலது கவட்டில் தேசிக்காய் அளவு புடைத்துவிட்டது. மயக்க மருந்து டொக்டர் வந்து ஏதேதோ சொன்னார். எல்லாவற்றுக்கும் நான் "யெஸ், யெஸ்". முதுகை வளைத்து இருக்கச் சொன்னபோதுதான் எதற்குத் தலையாட்டினேன் என்று விளங்கியது. ஊசி பெரிதாக நோகவில்லை. நர்ஸ் என் காலைத் தூக்கி வைத்தது கண்ணுக்குத் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை. விறைப்பு இறங்கிய பிறகும் சலம் போகவில்லை. முதுகு ஊசிக்குப் பிறகு சிலருக்கு அப்படி வருமாம். அதை இங்கிலீசில் சொல்லத் தெரியாமல் இரண்டு மணித்தியாலம் பல்லைக் கடித்துக் கிடந்து, கடைசியில் கையால் காட்டினேன். குழாய் விட்டு எடுத்தார்கள்.

ஆகவே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலே கேளுங்கள். வெட்கப்படாதீர்கள். இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை எடுப்பவரென்றால் கட்டாயம் சொல்லுங்கள், முதுகு ஊசிக்கு அது முக்கியம்.

பல வருடம் கழித்து இடது பக்கம். இந்த முறை நானே கேட்டு, அந்த இடத்தை மட்டும் விறைக்க வைத்தார்கள். முதல் நாலைந்து குத்து குளவி கொட்டினது போல. பிறகு இழுபடுவது தெரியும், நோகாது. நடுவில் டொக்டர் இருமச் சொன்னார், தையல் தாங்குதா என்று பார்க்க! பின்னேரம் வீட்டில் சோறு சாப்பிட்டேன். தோர்ன்ஹில்லில் ஷோல்டைஸ் என்று ஹெர்னியாவுக்கென்றே ஒரு மருத்துவமனை, 1945 இல் தொடங்கியது. ஓட்டையை மூடச் செயற்கை வலை வைக்காமல் சொந்தத் தசையையே அடுக்கித் தைப்பார்கள். பெரும்பாலும் இந்த விறைப்பூசிதான், கூடவே தூக்கம் வரவும் மருந்து. நிறை கூடினவர்களைக் குறைத்துவிட்டு வரச் சொல்வார்கள்.

எல்லோருக்கும் இது சரிவராது. பெரிய ஹெர்னியா, கடும் பயம் என்றால் முதுகு ஊசியோ முழு மயக்கமோதான். புடைப்பு கல்லாகி உள்ளே போகாமல் நொந்து, சத்தியும் வந்தால் 911 அடியுங்கள். முதுகு ஊசி போட்டால் வாழ்நாள் முழுக்க முதுகு நோகும் என்று சொல்ல நம்மவர்கள் கோயில் வாசலில் பத்துப் பேர் நிற்பார்கள். அவர்களில் பாதிப் பேர் ஊசியே போடாதவர்கள்.

முதல் ஒப்பரேசன் முடிந்து நாலு பேர் இருந்த பேஸ்மென்ட் அறைக்குத்தான் திரும்பினேன். நான் நர்சுக்குக் கையால் காட்டியதை ஒருத்தன் நடித்துக் காட்ட, சிரித்தால் தையல் நோகும், தலையணையை வயிற்றில் அமத்திக்கொண்டு நிறுத்தடா என்று கெஞ்சினேன்.